புட்டியின் மேல் போட்ட பழி

தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டை அடுத்த சந்தொன்றில், நானும் நண்பனும் ஓர் அறையில் குடியிருந்தோம். தந்தையாருக்கு நீரிழிவு என்று கடிதம் வந்த அன்றே நான் சர்க்கரையைத் துறந்தேன். மைசூர்பாகு பிறந்த ஊரில் இப்படியொரு விரதம்! நாவோ கேட்கவில்லை. ஆகவே மாலைதோறும் சர்க்கரையில்லாக் குளிர்பானம் ஒரு புட்டி பருகலானேன்.

ஓரிரவு தொப்புளைச் சுற்றி வலி கண்டது. “எல்லாம் அந்தப் பாழும் புட்டிதான்!” என்றான் நண்பன். நானும் நம்பி, ஓமநீர் குடித்துப் படுத்துவிட்டேன். விடிவதற்குள் வலி வலப்பக்க அடிவயிற்றில் இறங்கி நின்றது, நிமிர முடியவில்லை. குடல்வால் அழற்சி! அன்றே அறுவை நடந்தது. இன்னும் தாமதித்திருந்தால் குடல்வால் வெடித்திருக்கும் என்றார் டாக்டர்.

“பானத்துக்குப் பங்கே இல்லையா?” என்றேன். அவர் சிரித்தார். அஸ்பார்டேம் சர்க்கரையைவிட ஏறத்தாழ 200 மடங்கு இனிப்பது. புட்டிக்கு ஒரு கிராமுக்கும் குறைவே போதும். அடைத்த வாயுவால் வயிறு உப்பும், ஏப்பம் வரும், அவ்வளவே. சர்க்கரையில்லா மிட்டாய்களில் சேரும் சார்பிட்டால் வேறு வகை. அது கிராம் கணக்கில் உள்ளே போகும். சிறுகுடல் முழுதும் உறிஞ்சாததால் பெருங்குடலில் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைக்கும். வயிறு முறுக்கும், பேதியாகும். ஆனால் இடம் மாறி வலப்பக்கம் நிலைக்கும் வலி இவற்றின் வேலையன்று.

இதையெல்லாம் நண்பனுக்கு விளக்கிக்கொண்டே அறைக்குத் திரும்பினேன். மீதிப் புட்டிகளை அவன் முன்னமே சாக்கடையில் கவிழ்த்திருந்தான்.