தையல் கூடத்துக்கு ஒரு மூட்டைச் சுண்ணாம்பு

குற்றாலத்தில் சீசன் என்றால் ஊர் உலகமெல்லாம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பி வரும். எங்கள் வடகரையிலோ சாரல் விழுந்தாலே மாதர் சங்கத்துப் பெண்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். எங்கள் தையல் கூடம், ஒரு பெரியவர் தர்மமாக விட்டுக்கொடுத்த பழைய ஓட்டு வீடு. 11 பெண்களுக்கு அங்கே தைத்துத்தான் அடுப்பெரிகிறது.

போன வருஷம், "சுவருக்கு பிளாஸ்டிக் பெயின்ட் அடிப்போம், பளிச்சென்று இருக்கும்" என்று வாதாடிய புண்ணியவதி நான்தான். 9,000 ரூபாய் கரைந்தது. சாரல் ஆரம்பித்துப் பத்தே நாளில் சுவர் அப்பளமாய்ப் பொரிந்து உரிந்தது. கூரையும் ஒழுகி, பள்ளிக்கூட யூனிபாரத் துணி 60 மீட்டர் பூசணம் பூத்துவிட்டது. அந்த மாதம் யாருக்கும் கூலியில்லை. "பிள்ளைய அம்மாட்ட விட்டுட்டு திருப்பூர் கம்பெனிக்குப் போயிருதேன்க்கா" என்று ஒரு பெண் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

இந்த வருஷம் கையிருப்பு 18,000. ஓட்டைப் பிரித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் போடலாம் என்றார்கள் சிலர். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். வெயிலில் உள்ளே உட்காரவும் முடியாது. ஆனால் என் பேச்சை இனி யார் கேட்பார்கள்? நல்லவேளை, வயசான கொத்தனார் ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "தாயி, இது சுண்ணாம்புச் சாந்துச் சுவரு. மூச்சு விடணும். ரப்பர் துணியப் போத்துன மாதிரி பெயின்ட்ட அடிச்சா உள்ள இருக்க ஈரம் எங்க போவும்?"

மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் காலமான லாரி பேக்கர், இடித்த வீட்டுக் கதவு ஜன்னல்களையே வாங்கி மாட்டி எத்தனையோ கட்டடம் கட்டியவர். அதைச் சொன்னேன். "வெள்ளக்காரரே பழசு வாங்குனாரா!" என்று ராத்தா ஒருவர் சிரிக்க, காரியம் ஆயிற்று.

மூன்று நாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, பழைய தோசைத் திருப்பியால் பெயின்டைச் சுரண்டினோம். ஓடுகளை இறக்கித் தேங்காய் நாரால் பாசி தேய்த்தோம். உடைந்தவற்றுக்குச் செங்கோட்டையில் இடித்த வீட்டு ஓடு. நடுவில் நான்கு கண்ணாடி ஓடு. பகலில் இப்போது லைட்டே வேண்டாம்.

சுண்ணாம்பு விஷயத்தில் மட்டும் கவனம், சகோதரிகளே. தண்ணீரில்தான் கல் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும்; சுண்ணாம்பின் மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. உலைபோலக் கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி உதவாது. குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது. கண்ணில் பட்டால் உடனே நிறைய நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு தாமதிக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும். ராத்திரி முழுக்க ஊறவிட்டு வடிகட்டி, ஒரு பிடி உப்பும் துளி நீலமும் சேர்த்தோம். சுவரை நனைத்துவிட்டு மெல்லிசாக மூன்று பூச்சு. அடித்த அன்று கலங்கலாகத்தான் தெரியும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து இறுக இறுகத்தான் வெளுக்கும்.

ரீப்பரும் ஆசாரி கூலியும் 7,500, ஓடு 2,450, சுண்ணாம்பு, பிரஷ் 1,400, கொத்தனாருக்கு 4,000. மிச்சம் 2,650-ஐ அந்தப் பாழான துணிக் கடனுக்குக் கட்டினோம். பாக்கியை என் சிறுவாட்டிலிருந்து மாதாமாதம் கொடுக்கிறேன். இவருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறார்.

சாரல் வந்துவிட்டது. ஒரே ஒரு இடத்தில் சொட்டியது. குரங்கு நகர்த்திய ஓடு, சரிசெய்தாயிற்று. திருப்பூர்க்காரி இன்னும் முடிவு சொல்லவில்லை. நேற்று அவள் தன் மிஷினைக் கண்ணாடி ஓட்டுக்கு நேர் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.