விடியுமுன் வேன் ஏறுங்கள்



கிள்ளான் பட்டணத்தில் அந்தி நேரத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். மரக்கிளை கொள்ளாமல் காகங்கள் வந்து அடையும். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, திட்டியபடியே ஓடுவோம். அந்தக் காகம் இந்த நாட்டுப் பறவையே அல்ல என்பது உங்களுக்குத் தெரியுமா? சுமார் 120 ஆண்டுகளுக்கு முன், இங்கே காப்பித் தோட்டங்கள் இருந்த காலத்தில், செடியைத் தின்ற புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து கப்பலேற்றிக் கிள்ளானில் கொண்டுவந்து விட்டார்களாம். காப்பி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. காகம் மட்டும் ஊர் திரும்பவில்லை. தோட்ட வேலைக்கென்று கப்பலேறி வந்தவர் வேறு யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் நான்காம் ஆண்டு மாணவர்களிடம், தெரிந்த பறவைகளின் பெயர்களை எழுதச் சொன்னேன். கோழி, வாத்து, கிளி, மயில் என்று எழுதினார்கள். மயிலை அவர்கள் படத்தில் பார்த்ததுதான். ஒரு பையன் காகம் என்று எழுதி, பிறகு அடித்துவிட்டு, "அது பறவையா சார்?" என்று கேட்டான். அன்று அவனை அழைத்துப் போக வந்த பாட்டியிடம் இதையே கேட்டேன். பள்ளிப் படியில் உட்கார்ந்து, விரல் மடக்கிப் பதினான்கு பெயர் சொன்னார்! செம்போத்து, மீன்கொத்தி, கரிச்சான், மாங்குயில், தேன்சிட்டு... பையனின் அப்பாவுக்கு ஆறு பெயர் தெரிந்திருந்தது. தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு வேறு அடிபடுகிறது. லயத்தை விட்டு எல்லாரும் ஆளுக்கொரு அடுக்குமாடிக்குப் போய்விட்டால், அந்தப் பதினான்கு பெயரும் பாட்டியோடு நின்றுவிடும். அதனால்தான் பறவை பார்க்கும் பயணத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். நீங்களும் செய்யலாம்.

இடம், கோல சிலாங்கூர். மின்மினிக்கும் மீன் சாப்பாட்டுக்கும் நம்மவர் போகிற ஊர்தான். அங்கே புக்கிட் மெலாவத்திக் குன்றின் அடியில், மலேசிய இயற்கைச் சங்கத்தின் முயற்சியால் 1987இல் தொடங்கிய இயற்கைப் பூங்கா இருக்கிறது. சுமார் 150 வகைப் பறவைகளை அங்கே பார்த்திருக்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருப்பவர்கள் கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் இரயில் ஏறிக் கிள்ளானில் இறங்கலாம். அங்கிருந்து காப்பார், ஜெராம் வழியாக ஏறத்தாழ 45 கிலோமீட்டர். நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்தால் செலவு பெரிதாகத் தெரியாது. ஆனால் முதல் இரயிலுக்குக் காத்திருந்தால் விடியலைப் பிடிக்க முடியாது. முதல் நாள் மாலையே கிள்ளானில் உறவினர் வீட்டுக்கு வந்து தங்கிவிடுங்கள்.

நேரத்தை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முன்பு ஒரு தடவை, பசியாறிவிட்டுப் போகலாம் என்று நான் சொன்னதால், பத்து மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். வெயில் ஏறிவிட்டது. ஒரு குருவி வாய் திறக்கவில்லை. குன்றிலிருந்த சாம்பல் நிறக் குரங்குகளுக்கு வேடிக்கை காட்டிவிட்டுத் திரும்பினோம்! ஆகவே விடியுமுன் புறப்படுங்கள். நாசி லெமாக்கை வேனிலேயே சாப்பிடலாம்.

வடக்கே சைபீரியா வரையிலிருந்து குளிருக்குத் தப்பி வரும் பறவைகள் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை நம் கரையோரச் சேற்றில் இரை தேடும். கடல் வற்றியிருந்தால் அவை வெகு தூரத்தில் புள்ளியாகத் தெரியும். நீர் ஏற ஏறக் கரையை நெருங்கி வரும். எனவே நாள் குறிக்கும் முன் கடலேற்ற அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்புச் சட்டை வேண்டாம், கொசு மருந்து வேண்டும். தொலைநோக்கி ஒன்று இருந்தால் பத்துப் பேருக்குப் போதும். இல்லாவிட்டாலும் கொக்கையும் மீன்கொத்தியையும் வெறுங்கண்ணால் பார்க்கலாம். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும்.

வழியில் செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி தெரிந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அது கூகை தங்குவதற்காக வைத்தது. சாக்குருவி கத்தினால் வீட்டில் சாவு என்று கல்லெடுத்து அடிக்கிறோமே, அதே பறவைதான். குலையைக் கடிக்கும் எலிகளைப் பிடிக்க அதை விருந்தாளி போல் வைத்துப் பராமரிக்கிறார்கள்.

குயில் குரல் கேட்டால் காக்கைக் கூட்டைத் தேடச் சொல்லுங்கள். குயில் தன் முட்டையைக் காகத்திடம் கொடுத்துத்தான் வளர்க்கிறது. காகத்தை அடித்துவிட்ட பையனின் பட்டியலில் அது மறுபடி ஏறுகிறதா என்று பார்க்க எனக்கு ஆசை.

பிரேசர் மலையும், மார்ச் மாதம் சுமத்ராவிலிருந்து கடல் தாண்டிப் பருந்துகள் வந்து சேரும் தஞ்சோங் துவானும் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு இருக்கட்டும்.

இன்னும் ஒன்று. வேனில் ஓரிடத்தைப் பெயர் தெரிந்த பெரியவர் ஒருவருக்கு ஒதுக்குங்கள். நம் பாட்டி வர ஒப்புக்கொண்டுவிட்டார். முன்னிருக்கை வேண்டுமாம், வெற்றிலை போட இடையில் இரண்டு தடவை நிறுத்த வேண்டுமாம்.