உறைபனியில் ஒரு தோட்டம்



போன வருஷம் குடியரசு தினத்தன்று நம்ம கொடிக்கம்பத்தைச் சுற்றி துலுக்க சாமந்தி பூத்துக் குலுங்கும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தது நான்தான். ஜனவரி 26 அன்று ஒரு பூகூட இல்லை. வெறும் இலைதான். "கீரைத் தோட்டமா போட்டிருக்க?" என்று கேட்டார்கள். வீட்டுக்குப் போய் அழுதேன். அம்மாவுக்குக்கூட தெரியாது.

அந்தப் பொங்கல் லீவில்தான் ஊட்டியில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா அங்கே ஒரு பங்களாவில் தோட்ட வேலை பார்க்கிறார். விடியற்காலையில் எழுப்பி, "வா பாப்பா, ஒண்ணு காட்டறேன்" என்றார். வெளியே புல்தரை முழுக்க வெள்ளை. கேளம்பாக்கம் உப்பளம் மாதிரி! மிதித்தால் நறநற என்று சத்தம். நம்ம மறைமலைநகரில் மார்கழிப் பனி என்றால் தகரக் கூரையிலிருந்து சொட்டும் ஈரம்தானே. இது உறைபனி.

நான் கைதட்டிக் குதித்தேன். மாமா சிரிக்கவில்லை. "பார்க்க அழகுதான். செடிக்கு எமன்" என்றார். இலைக்குள் இருக்கிற தண்ணீரே உறைந்துவிடுமாம். அப்புறம் வெயில் பட்டதும் வெந்த மாதிரி கருகிவிடுமாம். மேகம் இல்லாத ராத்திரிதான் ரொம்பப் பயமாம். மண்ணின் சூடெல்லாம் மேலே போய்விடும். அதனால் சாயங்காலமே நாற்றுகளை மிலாறு என்கிற செடியின் கிளைகளால் போர்த்திவிடுகிறார். காலையில் வெயில் வருவதற்குள் புல்மேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்தக் குளிரில்! மாமாவின் விரல்களெல்லாம் வெடித்திருந்தன.

மத்தியானம் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். 1848-ல் தொடங்கியது, 55 ஏக்கர். அங்கேயும் பாத்திகளில் மிலாறுதான் மூடியிருந்தது. எனக்கு ஒரே ஏமாற்றம். "பூ எங்க மாமா?" என்றேன்.

"மே மாசம் மலர்க்கண்காட்சி. அதுக்குத்தான் இப்பவே இந்தப் பாடு. எந்த நாள்ல பூ வேணுமோ, அந்த நாள்லேருந்து பின்னாடி எண்ணிட்டு வரணும் பாப்பா."

எனக்குப் பக்கென்றது. சாமந்தி நாற்றாக ஒரு மாதம், நட்டபின் பூக்க ஏறக்குறைய இரண்டு மாதம். நான் விதைத்ததோ டிசம்பரில்! அப்போதே தெரிந்துவிட்டது, 26-ஆம் தேதி பூக்காது என்று. திரும்பி வந்து யாரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்காகத்தான் அழுதேன், கேலிக்காக இல்லை.

மாமா கொடுத்தனுப்பிய ஜெரேனியம் குச்சி நம்ம ஊர் சித்திரை வெயிலில் செத்துப்போனது. (மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.)

இந்த வருஷம் விதையை அக்டோபரிலேயே போட்டோம். ஐப்பசி மழையில் நாற்று அழுகாமல் இருக்கப் பாத்தியை மேடாகக் கட்டினோம். ஓரத்தில் டிசம்பர் பூ. அது நம்ம ஊர்க் குளிருக்கென்றே பூக்கிற செடி, போர்வை கேட்காது. ஊதாவும் வெள்ளையும் பூத்துவிட்டது. நேற்று காலை பிரேயருக்கு முன்னால் பனி ஈரத்தோடு பார்த்தேன், அப்படியே நின்றுவிட்டேன். சாமந்தியில் இதுவரை பதினாறு மொட்டு. தினமும் எண்ணுகிறேன்.

தோழிகளே, தலையில் வைக்க டிசம்பர் பூ வேண்டுமென்றால் பறித்துக்கொள்ளுங்கள். சாமந்தி மொட்டை மட்டும் 26-ஆம் தேதி வரை தொடாதீங்க, ப்ளீஸ்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி