லிங்க் சரி, போய்ச் சேரும் இடம்?

ஹைதராபாத் மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கையேடு எழுதுவது என் பிழைப்பு. எழுதுவதைவிட லிங்க் பார்ப்பதில்தான் நேரம் அதிகம் போகிறது. எங்கள் கையேடுகள் டாக்புக் என்ற எக்ஸ்எம்எல் வடிவத்தில் இருக்கின்றன. 1991-ல் பிறந்த சமாசாரம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் டிட்டா என்ற இன்னொரு வடிவத்தைப் படித்துவிட்டு வந்து, இதைப் பழைய அம்பாசடர் காரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். ஓடுகிறதே!

உள்லிங்க் விஷயத்தில் டாக்புக் கறாரானது. லிங்க் போய்ச் சேரும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஐடி. ஒரே ஐடியை இரண்டு பகுதிக்கு வைத்தாலும், இல்லாத ஐடிக்கு லிங்க் கொடுத்தாலும் சோதனைக் கருவி வரி எண்ணோடு பிடித்துவிடும். டாக்புக்கின் 4-ஆம் பதிப்புக்கு எக்ஸ்எம்எல்லிண்ட், 5-க்கு ஜிங்.

ஆனால் அந்த ஐடி இருக்கிறதா என்பது மட்டும்தான் கருவிக்குத் தெரியும். ‘பகுதி-3-2’ என்ற ரீதியில் ஐடி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த வெளியீட்டில் நடுவே ஒரு பகுதி நுழையும். யாராவது ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று ஐடிகளுக்கு மறுபடி வரிசை எண் போடுவார்கள். ‘கடவுச்சொல்லை மாற்ற இங்கே பார்க்கவும்’ என்ற லிங்க் ‘பயனரை நீக்குதல்’ பகுதியில் போய் நிற்கும். கருவி ஒரு பிழையும் காட்டாது. அதனால் ஐடி விஷயத்தைச் சொல்ல வேண்டும், இடத்தைச் சொல்லக் கூடாது. தமிழ் எழுத்திலேயே ஐடி வைக்க எக்ஸ்எம்எல் அனுமதிக்கிறது; நான் வைப்பதில்லை. முகவரியை நகலெடுத்து மெயிலில் ஒட்டினால் அது விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக முழநீளம் வளர்ந்துவிடும்.

லிங்க்குக்கு எக்ஸ்ரெஃப் என்ற குறிச்சொல்லைப் போட்டால் பகுதியின் தலைப்பு தானாக வந்து உட்காரும். ஆங்கிலத்துக்கு வசதி. தமிழில் ‘நிறுவுதல் பார்க்க’ என்று வேற்றுமை உருபு இல்லாமல் மொட்டையாக நிற்கும். ‘நிறுவுதல் என்ற பகுதியைப் பார்க்க’ என்று வாக்கியத்தை அமைத்துவிட்டால் தலைப்பு எப்படி மாறினாலும் கவலையில்லை.

வெளிலிங்க் தனித் தலைவலி. முகவரி உயிரோடு இருக்கிறதா என்று ஜிங் பார்க்காது. அதற்கு வேறு கருவி வேண்டும். 404 வந்தால் நிம்மதி, பிழை வெளியே தெரிந்துவிட்டது. ‘பக்கம் இல்லை’ என்று திரையில் எழுதிவிட்டு, கருவியிடம் மட்டும் 200, எல்லாம் சரி என்று சொல்லும் தளங்கள்தான் ஏமாற்றும். பழைய முகவரிகளையெல்லாம் புதிய தளத்தின் முகப்புக்குத் தள்ளிவிடுவதும் அப்படித்தான்: சுற்றறிக்கை தேடிப் போனவருக்கு வரவேற்புப் படம் கிடைக்கும், கருவிக்கோ அதில் குறையே இல்லை. முகவரி மாறக் காரணம் எங்கிருந்தும் வரும்: 2024-ல் தெலங்கானாவின் சுருக்கம் டிஎஸ்ஸிலிருந்து டிஜி ஆனது. வண்டி நம்பரில் தொடங்கி அரசு நிறுவனங்களின் பெயர், இணையதளம் வரை மாற்றச் சொன்னார்கள். ஊரில் பெயர்ப்பலகை மாறியதைப் பலரும் கவனித்தார்கள். லிங்க் பார்க்கிறவனுக்கு நினைவு வந்தது முகவரிகள்தான்.

இப்போது வெளி முகவரிகளை ஒரே கோப்பில் என்டிட்டிகளாக வைத்து, கையேட்டில் அவற்றின் பெயரை மட்டும் எழுதுகிறோம். மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். உள்லிங்குக்கு ஒரு சின்ன எக்ஸ்எஸ்எல்டி நிரல் பட்டியல் போட்டுத் தரும்: இடப்பக்கம் லிங்க் இருக்கும் வாக்கியம், வலப்பக்கம் அது போய்ச் சேரும் தலைப்பு. வெளியீட்டுக்கு முன் அந்தப் பட்டியலை மனிதர் ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார். எழுதியவரிடம் அதைக் கொடுப்பதில்லை.