காரை வித்துட்டுப் போன சுசீலா

2021 ஜூலை, டோக்கியோ ஒலிம்பிக். இந்தியாவிலிருந்து ஜூடோவுக்குப் போனது ஒரே ஒருவர்: மணிப்பூரின் லிக்மாபம் சுசீலா தேவி, 48 கிலோ பிரிவு. முதல் சுற்றிலேயே ஹங்கேரி வீராங்கனையிடம் தோற்றார்.

நம்மில் பலர் அவரை அத்தோடு மறந்துட்டோம். ஆனா அந்த ஒரு சுற்றுக்கு அவர் வந்த பாதை நீளம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் வெள்ளி. 2018இல் தொடைத் தசைக் காயம். அந்த வருச ஆசியப் போட்டி கைவிட்டுப் போச்சு. திரும்பி வந்து வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போகக் காசில்லாம, தன் காரையே வித்தார். டோக்கியோவுக்குப் பிறகும் நிறுத்தல. 2022 பர்மிங்காமில் மறுபடி வெள்ளி.

ஹட்டன், நுவரெலியா பக்கம் தோட்டத்து மைதானங்களைப் பின்னேரம் பாருங்க. பொடியன்க கிரிக்கெட் ஆடுவாங்க. பொம்பளப் பிள்ளைங்க ஓ.எல். முடிஞ்சா அந்தப் பக்கமே வர்றதில்ல. இல்ல விளையாட்டுப் போட்டியில முதலா ஓடின நம்ம அக்காமாரு இப்ப கொழும்புல, கார்மெண்ட்ஸ்ல. அவங்களுக்கு விக்கிறதுக்குக் கார் இருக்கல. பஸ் காசே இருக்கல.

சுசீலாவைக் காட்டி "முயற்சி செஞ்சா முடியும்"னு அவங்ககிட்டச் சொல்ல நமக்கு வாய் வரல. அடுத்த மாகாணப் போட்டிக்குப் போற ஒரு தங்கச்சியோட பஸ் காசையாவது நாம சேர்த்துக் கொடுப்போம்.