இடம் மாறிய பெயர்

புளியந்தீவில் வாவியை ஒட்டி நிற்கும் கோட்டையை மட்டக்களப்புக் கோட்டை என்கிறோம். ஆனால் அந்தப் பெயர் அந்த மண்ணுக்கு உரியதல்ல. மண்ணின் பெயர் புளியந்தீவு. மட்டக்களப்பு என்பது தண்ணீரின் பெயர்.

கடலோடு தொடுப்புள்ள, ஆழம் குறைந்த நீர்ப்பரப்புத்தான் களப்பு. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இதை 'மட்டக்களப்பு வாவி' என்று எழுதுகிறோம். களப்பும் வாவியும் ஒன்றுதானே என்று யாரும் கேட்பதில்லை. வழக்கு முழுவதும் 'மட்டு'வைப் பற்றித்தான். மட்டமான களப்பு என்பார் ஒருவர். சிங்களத்தில் 'மட' என்றால் சேறு, ஆகவே சேற்றுக் களப்பு என்பார் இன்னொருவர். மட்டு என்றால் தேன் என்று நிகண்டைத் தூக்கி வருபவர்களும் உண்டு. 'மீன்பாடும் தேன்நாடு' என்ற பெருமைக்கு அது தோதாக இருக்கிறது.

முக்குவரைப் பற்றிய கதைதான் எனக்குப் பிடித்தது. வள்ளங்களில் களப்புக்குள் நுழைந்து தெற்கே தெற்கே போனவர்கள், நீர் முடிந்த இடத்தில் 'களப்பின் மட்டு இதுதான்' என்று நின்றார்களாம். மட்டு என்றால் எல்லை. கதை காட்டும் இடம் புளியந்தீவு அல்ல, சம்மாந்துறைப் பக்கம். பழைய மட்டக்களப்பு அங்கேதான் இருந்தது என்பது ஊர் வழக்கு. சம்பான்கள் வந்தடைந்த துறை என்று சம்மாந்துறைக்குச் சொல்லும் காரணமும் இதோடு ஒத்துப்போகிறது. மொழியறிஞர் ஒப்புவாரோ என்னவோ, துடுப்புப் பிடித்தவன் வைத்த பெயர்போல இருக்கிறது.

அப்படியானால் பெயர் வடக்கே எப்படி வந்தது? கோட்டை இழுத்து வந்தது. 1602இல் ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் இந்தக் கரையில் இறங்கியபோது, கேட்ட பெயரை 'மாத்தெகாலோ' என்று எழுதினார்கள். ஐரோப்பியக் கப்பலுக்குக் களப்பின் கடைக்கோடி எதற்கு? கடல்வாய்க்குக் கிட்டவாகக் காவல் இருந்தால் போதும். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். வரைபடத்தில் கோட்டைதான் ஊர். 'ம' போய் 'ப' வந்து, 'பட்டிக்கலோ' என்று அந்தத் தீவுக்கே பெயர் ஒட்டிக்கொண்டது.

இதே போர்த்துக்கேயர் ஆபிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு களப்பைக் கண்டபோது ஊராரிடம் பெயர் கேட்கவில்லை. ஏரியைக் குறிக்கும் தங்கள் சொல்லையே வைத்தார்கள். அதுதான் லாகோஸ், 1991 வரை நைஜீரியாவின் தலைநகர். யொருபா மக்கள் இன்றும் தங்கள் பேச்சில் அதை 'ஏக்கோ' என்கிறார்கள். நமக்கு நம் சொல்லாவது மிஞ்சியது, இடம் மாறினாலும்.

கோட்டை போர்த்துக்கேயரிடம் நெடுநாள் தங்கவில்லை. 1638 மே 18இல் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு அதைப் பிடித்தார். ஐந்தாம் நாள் ஒப்பந்தம். பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை நிறுத்தலாம், 'அரசன் விரும்பினால்' என்றிருந்தது அரசனின் கையிலிருந்த போர்த்துக்கேயப் பிரதியில். ஒல்லாந்தப் பிரதியில் அந்த இரண்டு சொற்களைக் காணோம். அதை வைத்து அடுத்த பல ஆண்டுகள் பிணக்கு. இடையில் கோட்டை அரசனிடம் போய், 1668இல் மீண்டும் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. 1795இல் ஆங்கிலேயர்.

இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி, மூலைக்கொன்றாக நான்கு கொத்தளங்கள், சிறிய கோட்டைதான். யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்துவிட்டு வருபவர் 'இவ்வளவுதானா' என்பார். ஆனால் இதற்குள் சனம் போய்வந்தபடியே இருந்தது, ஏனென்றால் நெடுங்காலம் கச்சேரி இயங்கியது இதன் மதில்களுக்குள்தான். (தமிழ்நாட்டு வாசகர் பாட்டை நினைக்க வேண்டாம், எங்களுக்குக் கச்சேரி என்றால் அரசாங்க அதிபரின் அலுவலகம்.) பீரங்கிகளைத் திரும்பியும் பாராமல், காணிக் கடதாசியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நுழைந்தவர்கள்தான் கூட.

அவர்களில் பலர் வாவியின் மேற்கிலிருந்து, துறை கடந்து வந்தவர்கள். சூரியன் படும் பக்கமான அதற்குப் படுவான்கரை என்று பெயர்; எழும் பக்கம் எழுவான்கரை. அந்தப் பெயர்கள் இன்றும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. வள்ளத்தில் ஏறுகிறவரிடம் 'எங்க போறீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். மட்டக்களப்புக்கு என்று சொல்லமாட்டார்.

'டவுனுக்கு' என்பார்.