மாப்பிள்ளை முறுக்கும் மத்திய பட்ஜெட்டும்

அப்பா ரிட்டயர் ஆனபோது வந்த பி.எஃப். பணத்தை மூன்று பங்காகப் போட்டார். அண்ணனுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, அடியேனுக்கு ஒன்று. பைசா சுத்தமான கணக்கு. பி.காம். படித்த நானே சரிபார்த்தேன்.

ஆறு மாதம் கழித்து அக்கா வீட்டு வாசலில், மாமாவுக்குப் புது பைக்!

"இது பங்குல சேராதுடா. லோன்தான். நான் ஏற்பாடு பண்ணிக் குடுத்தேன், அவ்வளவுதான்" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

2024 ஜூலை 23. டீக்கடை டி.வி.யில் பட்ஜெட். ஆந்திராவின் தலைநகர் அமராவதிக்கு அந்த வருஷம் 15,000 கோடி ரூபாய், பன்னாட்டு வங்கிகள் மூலம் 'ஏற்பாடு' செய்யப்படுமாம். அப்பா சொன்ன அதே வார்த்தை!

கணக்கைப் பாருங்கள் சார். 2019ல் பா.ஜ.க.வுக்குத் தனியாகவே 303 இடம். 2024ல் 240. ஆட்சிக்கு வேண்டியது 272. கூட்டணியோடு 293. அதில் தெலுங்கு தேசம் 16, ஐக்கிய ஜனதா தளம் 12. இந்த 28 பேரும் முறுக்கிக்கொண்டால் மிச்சம் 265!

பங்கு பிரிக்க நிதிக்குழு இருக்கிறது. பதினைந்தாவது குழு, பகிர வேண்டிய வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்றது. ஜனத்தொகை, பரப்பளவு, வருமானம் என்று எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு, கூட்டணிக்குக் கிடையாது. அது சூத்திரத்துக்கு வெளியே நடக்கும் சமாசாரம்.

பீகார் கேட்டது சிறப்பு அந்தஸ்து. 'முடியாது' என்று ஜூலை 22ல் மக்களவையில் எழுத்துமூலம் பதில். மறுநாள் பட்ஜெட்டில் பீகார் சாலைகளுக்கு 26,000 கோடி! வரதட்சணை என்று கேட்டால்தானே தப்பு? சீர் செய்தால் யார் கேட்பது?

தேவை இல்லை என்று சொல்ல மாட்டேன். 2014ல் மாநிலம் பிரிந்து ஐதராபாத் தெலங்கானாவோடு போனதில், ஆந்திராவுக்கு நிஜமாகவே சொந்தத் தலைநகர் இல்லை. மாமாவும் தினம் பதினாலு கிலோமீட்டர் பஸ்ஸில் தொங்கியவர்தான். ஆனால் அதே பஸ்ஸில் நானும்தானே தொங்கினேன்!

ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"உனக்குக் குடுக்கலைன்னா நீ ரெண்டு நாள் பேச மாட்டே. அவருக்குக் குடுக்கலைன்னா உங்கக்கா பெட்டியோட வந்து நிப்பா. நான் என்னடா பண்ணட்டும்?"

நான் பேசாமல் இருந்தது மூன்று நாள். லோனை யார் கட்டினார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.